வாரா வாரம் படி, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த செமஸ்டரில் ஒரு எலெக்டிவுக்குப் பதிலாக, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்துகிற என்பிடெல் பாடம் எடுத்திருப்பதாகவும், வகுப்புக்குப் போகிற வேலை மிச்சம் என்றும் போனில் சொன்னாய். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவள் என்பதால் நானும் இந்தப் பாடங்களை எழுதித் தேறியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ எடுத்திருப்பது காரக்பூர் ஐ.ஐ.டி.யின் இன்டர்நெட் ஆஃப் திங்ஸ், சென்சார் மாதிரிக் கருவிகளை இணையத்தோடு இணைக்கிற பாடம். 12 வாரப் பாடம். வீடியோ மட்டுமே வாரத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். நோட்டில் எழுதிக்கொண்டு, புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டால் அதுபோல இரண்டு பங்கு ஆகும். அந்த நேரத்தை இப்போதே டைம்டேபிளில் ஒதுக்கிவிடு. வருகைப் பதிவு எடுக்க யாரும் இல்லாத வகுப்பில் முதலில் விட்டுப்போவது இந்த நேரம்தான். நாலு வாரப் பாடத்தைச் சேர்த்து வைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வீடியோ முடிந்திருக்கும், மண்டையில் ஒன்றும் ஏறியிருக்காது.

மார்க் கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும். 12 அசைன்மென்ட்டில் நன்றாகச் செய்த எட்டின் சராசரி 25-க்கு, தேர்வு மையத்தில் நேரில் போய் எழுதுவது 75-க்கு. 25-இல் 10, 75-இல் 30, இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. அப்புறம், பாடத்தில் சேர்வது இலவசம் என்றாலும் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். அந்தத் தேதியை விட்டுவிட்டு அழுத மாணவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. இந்த வாரமே கட்டிவிடு, பணம் அனுப்பியிருக்கிறேன்.

இனி எனக்கு முக்கியமான விஷயம். கெடு முடிகிற அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் அந்த வார விடைகள் வரிசையாக வந்து விழும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். நீ அதைத் தொடாதே. தொட்டால் 25-க்கு 24 வாங்குவாய், தேர்வில் 75-க்கு 31 வாங்குவாய். சான்றிதழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் அச்சடிக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீயாகப் போட்டு 15 வாங்கினால் எனக்கு அது போதும், அந்த 15-ஐ வைத்து எந்த இடம் புரியவில்லை என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

பழைய கேள்விகளை மனப்பாடம் செய்தாலே தேறிவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். தேறவும் செய்யலாம். ஆனால் நேர்முகத் தேர்வில் ஒருவர் அந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "வயலில் வைக்கிற ஈரப்பத சென்சார் தகவல் அனுப்ப எம்.க்யூ.டி.டி. (MQTT) புரோட்டோகால் சரியா, கோ-ஆப் (CoAP) புரோட்டோகால் சரியா, ஏன்?" என்று கேட்டால் அங்கே குழு வந்து உதவாது. சாட்ஜிபிடி விஷயமும் இப்படித்தான். புரியாததை விளக்கச் சொல்லிக் கேள், தப்பில்லை. அசைன்மென்ட் கேள்வியை அப்படியே ஒட்டி விடை வாங்காதே.

வீடியோவில் பேராசிரியர் பேசுவது வேகமாக இருந்தால் கூடவே டிரான்ஸ்கிரிப்டை வைத்துப் படி. சந்தேகத்தை எழுதிக் கேட்கவும் கூச்சப்படாதே. எந்த வாரம், எந்த வீடியோ, எந்த நிமிடம், நீ என்ன முயன்றாய் என்று எழுதினால் பதில் சொல்கிறவர்களுக்கும் சுலபம். "சார், புரியவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் எங்கிருந்து தொடங்குவார்கள்?

நீ வீட்டில் இருக்கிற நாட்களில், போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆச்சி வேலை சொல்லக் கூடாது என்று அவளிடம் பேசிவிட்டேன். லேப்டாப் திறந்திருந்தால் நீ வகுப்பில் இருக்கிறாய் என்று அர்த்தம், தீபாவளி பலகாரச் சமயமாக இருந்தாலும் சரி. எந்த நேரம் உனக்கு வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்.

ஹால் டிக்கெட் வந்ததும் மையம் எங்கே என்று அனுப்பு. கோயம்புத்தூரிலேயே கிடைத்தால் நல்லது, வெளியூர் என்றால் அப்பா முந்தின நாளே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார். அசல் அடையாள அட்டை வேண்டும். ஆதார் இங்கே பீரோவில்தான் இருக்கிறது, கொரியரில் போட்டுவிடவா?

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை