மூன்றாம் பேஸில் நிற்பவர் யார்?

ஆசிரியருக்கு,

அமெரிக்க பேஸ்பால் அணிக்குப் புது மேலாளர் வந்தால் அவர் பெயர்தான் தலைப்பில். உதவிப் பயிற்சியாளர்கள் கடைசி வரியோடு சரி. 2020-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி 13 பயிற்சியாளர்களை அமர்த்தியபோது மட்டும் கொஞ்சம் பேச்சு எழுந்தது. அவர்களில் ஒருவரான அலிசா நாக்கன், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீகின் முதல் முழுநேரப் பெண் பயிற்சியாளர் என்பதால்.

பேட்டிங், பந்துவீச்சுக்கு ஆள் பிடிக்கத்தான் போட்டி. மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் வேலையை, அதாவது அங்கே கோட்டோரம் நின்று ஓட்டக்காரருக்குச் சைகை காட்டுவதை, மிச்சமிருப்பவர் தலையில் கட்டுவது தவறு. பேஸ் என்பது ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்; மூன்றையும் தாண்டி ஹோமைத் தொட்டால் ஒரு ரன். இரண்டாம் பேஸிலிருந்து ஓட்டக்காரர் வருகிறார், பந்து மைதானத்தின் இடப்பக்க வெளிப்பகுதியான லெஃப்ட் ஃபீல்டில். பந்தை எடுப்பவரின் தோள் எப்பக்கம் திரும்பியிருக்கிறது, கைவலு எப்படி, எத்தனை அவுட், அடுத்த பேட்டர் யார் என்று பார்த்து, ஓட்டக்காரர் மூன்றாம் பேஸை மிதிக்குமுன், ஹோமுக்கு ஓடச் சொல்லிக் கையைச் சுழற்ற வேண்டும் அல்லது அவரை நிறுத்த வேண்டும். இரண்டு அவுட் என்றால் துணியலாம். ஒருவரும் அவுட் ஆகாதபோது ஹோமில் ஆளை இழப்பது வீண்.

முதல் பேஸில் நிற்கும் பயிற்சியாளருக்கு ஸ்டாப்வாட்ச்தான் ஆயுதம். பிட்சர் (பந்துவீச்சாளர்) வீச 1.3 விநாடி, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இரண்டாம் பேஸுக்கு எறிய 2 விநாடி, ஆக 3.3-க்குள் ஓட முடியாதவரை அந்த பேஸைத் திருட, அதாவது பந்து வீசப்படும்போதே ஓடிப் பிடிக்க, அனுப்பக்கூடாது.

நேர்காணலில் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, "அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். பழைய ஆட்டக்காரர் என்ற பெயருக்கு அங்கே மதிப்பெண் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்