அடுத்த குரங்குக் கணக்கெடுப்புக்கு முன்: விவசாய அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை விவசாய அமைச்சின் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பயிரை அழிக்கும் குரங்குகளை நாடு முழுக்க ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அவரவர் வளவில் எண்ணச் சொன்னீர்கள். 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் கடதாசியும் பேனையுமாக வளவுக்குள் நின்றேன். நீங்கள் தந்த ஐந்து நிமிடத்தில் எண்ணியது பதினொரு குரங்கு. எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு மாமரத்துக்குப் பின்னாலிருந்து இன்னும் ஒன்பது இறங்கின. விதி விதிதானே, பதினொன்று என்றே எழுதிக் கொடுத்தேன். நாடு முழுக்கக் கூட்டியதில் ஐம்பது இலட்சத்துக்கு மேல் வந்ததாக அறிவித்தீர்கள். அதில் என்னுடைய ஒன்பது இல்லை.

குரங்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறிவதைப் பார்த்தால் எவருக்கும் வயிறு எரியும். கெற்றப்போல் எடுத்துக் கல் அடித்தவன்தான் நானும். ஆனால் வருடக்கணக்காகத் துரத்தியதில் ஒன்று விளங்கியது: தலையை எண்ணி இந்தப் பிரச்சினையைப் பிடிக்க முடியாது.

என் வளவுக்கு வரும் கூட்டத்தில் இடது காது கிழிந்த பெரிய பெண் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் குட்டியொன்று மாங்காய்த் துண்டைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மதிலில் குந்தியிருந்தது. காது கிழிந்தவள் ஆறுதலாக நடந்து வந்தாள், குட்டியின் தாடையைப் பிடித்தாள், வாய்க்குள் விரலை விட்டுத் துண்டை எடுத்துத் தின்றாள். குட்டி கத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி இருந்தது, அவ்வளவுதான்.

பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு ஆராய்ந்து வரும் விலங்கியலாளர் வொல்ஃப்காங் டிட்டஸ் இதே காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டியது இதுதான். பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து சாகும். தாய்க்கு என்ன மதிப்போ, அதற்கு அடுத்த படி மகளுக்கு. ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போய்விடும். ஆக, கூட்டம் என்பது தாய், மகள், பேத்தி என்று போகும் சில குடும்பங்கள். வாய்க்குள் விரல் விடுகிற குடும்பமும் உண்டு, விட்டுக்கொடுக்கிற குடும்பமும் உண்டு.

சாப்பாடு குறைந்தால் முதலில் சாவது விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக் குட்டிகள். அவர் கணக்கில் பிறந்த பத்தில் எட்டு, ஒன்பது குட்டிகள் வளர்ந்த குரங்காகும் முன்பே இறந்துவிட்டன. காடு அப்படித்தான் தன் கணக்கைச் சரி செய்துகொண்டது. சரி, இப்போது அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பை மேட்டை வையுங்கள். பாண் துண்டு, சோற்றுப் பார்சல், அழுகின வாழைப்பழம். எல்லாருக்கும் போதும். கடைசிப் படியில் இருக்கிறவளின் குட்டியும் பிழைக்கும், அடுத்த குட்டியும் சீக்கிரம் வரும்.

2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவின் விலங்குக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு எழுந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போய் நின்றது. போயிருந்தால்தான் என்ன? பொறிக்கூட்டுக்குள் முதலில் மாட்டுவது துணிந்த ஆண்களும் இளசுகளும். எஞ்சிய ஒரு ஆண் போதும், அத்தனை பெண்களுக்கும். பிடித்து வேறு காட்டில் விடுவதும் இதே கதைதான். அங்கே ஏற்கெனவே தாய்வழிக் குடும்பங்கள் இருக்கும். புதிதாக வந்தவை விரட்டப்பட்டு இன்னொருவரின் தென்னையில் ஏறும். (2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டதற்குப் பாணந்துறையில் ஒரு குரங்கு காரணம் என்றார்கள். ஒரு குரங்கு தொட்டதும் விழுகிற மின்கட்டமைப்பைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவில்லை.)

கருத்தடை என்று பேசுகிறீர்கள். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆணுக்குச் செய்து பயனில்லை, ஒன்று தப்பினால் எல்லாம் வீண். பெண்களுக்குச் செய்யுங்கள், அதுவும் ஒரு கூட்டத்தின் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு. கருத்தடை செய்த பெண் தன் இடத்திலேயே இருப்பாள், தன் எல்லைக்குள் அடுத்த கூட்டத்தை விடமாட்டாள். பிடித்துக்கொண்டு போனால் அந்த இடம் காலியாகும், காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வரும். இதற்கு எந்தப் பெண் எந்தக் கூட்டம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது தெரியாது. மாதக்கணக்கில் ஒரே கூட்டத்தின் பின்னால் நடக்க ஆள் வேண்டும். கிராமத்துப் பொடியன்களுக்குச் சம்பளம் கொடுத்தால் நடப்பார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே பாதி முகம் தெரியும்.

அப்புறம், அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு நிரலைக் கூட்டுங்கள்: இந்த வளவிலிருந்து திறந்த குப்பை மேடு எவ்வளவு தூரம்? எங்களுக்கு விடை நானூறு மீற்றர். காது கிழிந்தவள் காலை ஆறரைக்கு அங்கே போகிறாள். எட்டு மணிக்குத்தான் என் தென்னைக்கு வருகிறாள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு வளவுக்காரன்