புரட்டாசிக் கனவும் குமட்டலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசியில் கவிச்சி விட்ட வீடுகளில் வழக்கமாக வரும் கனவு ஒன்று உண்டு. யாரோ மட்டன் பன்னி சௌவை, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பிய நம் டர்பன் பண்டத்தை, கையில் கொடுக்கிறார்கள். (பெயரைக் கேட்டுத் தமிழ்நாட்டு விருந்தாளிகள் பதறுவது தனிக் கதை.) இரண்டு வாய் மென்ற பிறகுதான் விரதம் நினைவுக்கு வருகிறது. குமட்டலோடு எழுந்து வாய் கொப்பளித்தாலும் அந்த ருசி போவதில்லை. உங்கள் கனவுப் பலன் பகுதி இதை விரதபங்கம் என்று சொல்லிப் பரிகாரமும் கொடுத்திருந்தது. ஆராய்ச்சி ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

சிகரெட்டை விட்டு ஒன்று முதல் நான்கு வாரம் ஆன 293 பேரை ஹாஜெக், பெல்ச்சர் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். 33 சதவீதத்தினருக்குப் புகைக்கும் கனவு வந்திருந்தது. பெரும்பாலான கனவுகளில் ஆள் திடீரென்று தன்னையே கையும் களவுமாகப் பிடித்துப் பதறுகிறார். அப்படிக் கனவு கண்டவர்களே பிறகும் அதிகம் உறுதியாக நின்றார்கள். அது விரதத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் கனவின் வார்ப்பு ஒன்றுதான். உறங்கும்போதும் விரதத்துக்குக் காவல் இருக்கிறது என்றே இதை நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் குமட்டலுக்குப் பின்னால் இருப்பது அருவருப்பு. பயம் ‘ஓடு’ என்கிறது. அருவருப்பு ‘துப்பு’ என்கிறது. ரோசின் என்ற உளவியலாளர், கிருமி நீக்கிய கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். கிருமி இல்லை என்று தெரிந்தும் மக்கள் குடிக்கத் தயங்கினார்கள். ‘பட்டுவிட்டது’ என்ற எண்ணமே போதும். நம் ஊர்ப் பேச்சில் அதுதான் தீட்டு. கனவு ஆய்வாளர்களும் அருவருப்பை வெகுகாலம் ஓரங்கட்டினார்கள். 1966இல் ஹாலும் வான் டி காசிலும் வகுத்த பட்டியலில் கோபம், அச்சம், துயரம், குழப்பம், மகிழ்ச்சி என ஐந்து உணர்ச்சிகள்தாம். அருவருப்புக்குத் தனி இடமில்லை.

பொருள் தேடுமுன் உடம்பைப் பாருங்கள். மூத்திரம் முட்டினால் நாறும் கழிவறைக் கனவு வரலாம். இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு கரித்து உறக்கம் கெடும். உறங்குவோர் மூக்கருகே அழுகிய முட்டை வாடை காட்டிய ஒரு ஜெர்மன் ஆய்வில் கனவின் மனநிலைதான் கசந்தது. வாடை கனவுக்குள் அநேகமாக நுழையவில்லை. எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரானலாலும், சில மனச்சோர்வு மருந்துகளும் கனவைக் கடுமையாக்கும். நம் தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி சிகிச்சை 2019 முதல் டோலுடெக்ராவிர் என்ற வேறு மருந்துக்கு மாறியது. பழைய மாத்திரையிலேயே இருப்பவர்கள் கிளினிக்கில் கேளுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. கனவு மிகும் ரெம் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில் நீளும். அதிலிருந்து நேரே விழிப்பதால் கனவு நினைவில் நிற்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகே பொருள். ‘மலம் கண்டால் பணம்’ என்று கனவில் வந்த வஸ்துவை மட்டும் பார்த்துப் பலன் சொல்வதில் பயனில்லை. அதே மலத்தைக் கனவில் ஒருவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார், இன்னொருவர் ஓங்கரிப்பார். ஓங்கரித்தவரிடம் கேட்க வேண்டியது: எது உள்ளே வரப் பார்த்தது? வாய்க்குள்ளா, தோல் மேலா, வீட்டுக்குள்ளா? கொண்டுவந்தது யார்? வேண்டாம் என்று பகலில் சொல்ல முடியாத ஒன்று பலமுறை இங்கே தட்டுப்படும்.

ஒரு வகையை மட்டும் லேசாக விடக்கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, எதையும் தொடாமலே உள்ளுக்குள் அழுக்கு ஒட்டியிருப்பதாகத் தோன்றலாம். அதே கனவு திரும்பத் திரும்ப வரும். விழித்ததும் குளியல், மறுபடி குளியல், அழுக்கு போகாது. பயத்தைவிட அருவருப்பு மெதுவாகத்தான் தணியும், அதனால் ‘பழகிப்போகும்’ என்று காத்திருப்பது பலிக்காது. இதற்குக் கனவை மாற்றியெழுதும் பயிற்சி உண்டு. வன்முறையிலிருந்து மீண்ட 168 பெண்களிடம் உறக்க ஆய்வாளர் கிராக்கோவின் குழு இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. பகல் நேரத்தில், மிகக் கொடிய கனவை விட்டுவிட்டுச் சற்று லேசானதைத் தேர்ந்து எழுத வேண்டும். விருப்பப்படி எந்த இடத்திலும் மாற்றலாம். புதிய கனவை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழையதைத் திரும்பப் படிக்கக் கூடாது. பலர் சறுக்குவது மாற்றும் இடத்தில். அழுக்குப் பட்டபின் கழுவுவதாக முடிவை எழுதினால் கழுவும் பழக்கமே வலுக்கும் என்பது என் கணிப்பு. படுவதற்கு முன்பே கதையைத் திருப்புங்கள்: கதவு வேறாகட்டும், கையில் வேறு பாத்திரம் இருக்கட்டும். இத்தகைய கனவு வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து உறங்கவே அஞ்சும் நிலையென்றால் தனியாக முயல வேண்டாம். கிளினிக் வழியாக உளவியலாளரைப் பாருங்கள்.

புரட்டாசி முடியும்வரையாவது அந்தப் பகுதியில் பரிகாரம் அச்சிடுவதை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்