தரங்கம்பாடிக் கடலில் மறையாத சூரியனும் சாத்திய நடையும்

அனுப்புநர்:
சென்ற சனிக்கிழமை உங்கள் பேருந்தில் 17, 18-ஆம் இருக்கைகளில் வந்தவர்கள்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சிதம்பரம் – பிச்சாவரம் – தரங்கம்பாடி ஒரு நாள் சுற்றுலாவில் சொன்னபடி நடக்காதது குறித்து.

ஐயா / அம்மா,

தலைக்கு 1,850 ரூபாய் வீதம் 3,700 ரூபாய் கட்டி, நானும் 71 வயதான என் அம்மாவும் உங்கள் சுற்றுலாவுக்கு வந்தோம். நாங்கள் வந்ததே நடராஜரைப் பார்க்கத்தான். பிச்சாவரமும் தரங்கம்பாடியும் போகிற வழியில் கிடைத்தால் சரி என்ற கணக்கு. முன்பதிவு செய்யும்போதே இதை உங்கள் ஆளிடம் சொன்னேன். "பதினொன்றரைக்கெல்லாம் கோயிலில் இருப்பீங்க மேடம்" என்றார். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையிலும் 11.30 என்றுதான் இருக்கிறது.

திருவான்மியூரிலிருந்து 5.30-க்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 6.40-க்குக் கிளம்பியது. சரி, யாரோ தாமதமாக வந்தார்கள், போகட்டும். மாமல்லபுரம் தாண்டி டிபனுக்கு முக்கால் மணி நேரம். அதையும் விடுங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கைவினைப் பொருள் கடையில் 40 நிமிடம் நிறுத்தினீர்களே, அது எந்த அட்டவணையில் இருக்கிறது? இறங்கியவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள், மீதிப் பேர் நிழல் தேடினார்கள். வழிகாட்டி மட்டும் உள்ளே போய்க் கடைக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி 12.35. தரிசனம் முடித்துத்தான் சாப்பிடுவேன் என்று அம்மா காலையிலிருந்து வெறும் காபியோடு வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய வில்வ மாலை. முதல் நாள் இரவே வாங்கி, ஈரத் துணி போட்டு வைத்தது. கீழ சந்நிதி வாசலில் பூக்கார அம்மா எங்களைப் பார்த்ததும், "பன்னெண்டுக்கே சாத்திட்டாங்களே, இனி சாயங்காலம் அஞ்சு மணிதான்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாலையை மறுபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

உச்சிவேளைக்கு நடை சாத்துவது நேற்று வந்த வழக்கமில்லை. இந்த ஊருக்கு வண்டி விடுகிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

பிச்சாவரத்துக்கு வருவோம். உங்கள் விளம்பரப் படத்தில் இரண்டு பக்கமும் சுரபுன்னை வளைந்து கூரை போட்டிருக்க, நடுவில் ஒரு துடுப்புப் படகு போகிறது. "படகுக் கட்டணம் அடங்கும்" என்று கீழே எழுதியிருக்கிறது. அங்கே போனதும் நேரமில்லை என்று மோட்டார் படகில் ஏற்றி, அதற்குத் தலைக்கு 150 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், வேர்கள் இறங்கி நிற்கிற அந்தக் குறுகல் வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். படத்தில் இருக்கும் இடத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

படகுக்காரர் நல்ல மனிதர், அதையும் எழுதிவிடுகிறேன். அம்மா அவரிடம் தில்லை மரம் எது என்று கேட்டார். கரையோரம் ஒன்றைக் காட்டி, "இதாம்மா. தொட்டுடாதீங்க, பால் கண்ணுல பட்டா போச்சு" என்றார். அம்மா அந்த மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தில்லை நடராஜரைப் பார்க்க வந்தவருக்கு அன்று கிடைத்தது அதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதமே. பிச்சாவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குச் சிதம்பரம் வழியாகத்தான் போக வேண்டும். 4.50-க்கு ஊருக்குள் வந்துவிட்டோம். இன்னும் பத்து நிமிடத்தில் நடை திறக்கும். அரை மணி நேரம் நிறுத்துங்கள் என்று நானும் இன்னும் நான்கைந்து பேரும் கேட்டோம். வழிகாட்டி சொன்ன பதில்: "தரங்கம்பாடியில் கடலில் சூரிய அஸ்தமனம் இருக்கு மேடம், மிஸ் ஆயிடும்."

விளம்பரத்திலும் அப்படியே போட்டிருக்கிறீர்கள்: "மாலை 6.00 – கடலில் சூரியன் மறையும் காட்சி". ஐயா, தரங்கம்பாடி கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால்தான் மறையும். 6.10-க்கு அலைகளைப் பார்த்து நின்ற நாங்கள் எல்லோரும் திரும்பி, வீடுகளுக்கு மேலே சிவந்த வானத்தைப் பார்த்தோம். ஒரு சின்னப் பையன் மட்டும், "சூரியன் தப்பான பக்கம் போகுதுப்பா" என்றான். இல்லாத ஒரு காட்சிக்காக, வழியில் இருந்த கோயிலை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

கோட்டை வாசலில் பூட்டு. வெளியில் நின்றபடியே உங்கள் வழிகாட்டி அது டச்சுக்காரர்கள் கட்டியது என்றார். டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள், 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இந்த ஊரில்தான். ஒருவராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காவது அர்த்தம் இருந்திருக்கும்.

6.50-க்குக் கிளம்பி திருவான்மியூரில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டி 1.40. திங்கட்கிழமை போன் செய்தேன். "டிராஃபிக் மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்கள். தரங்கம்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 280 கிலோமீட்டர். மாலை 6.30-க்குக் கிளம்பி இரவு 10.30-க்குச் சேர்வோம் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு மணி நேரத்தில், ராச்சாப்பாட்டுக்கும் நிறுத்தி, எந்தப் பேருந்து வரும்? சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் இந்த அட்டவணை நடக்காது. இதைப் போட்டவர் வரைபடத்தைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முழுப் பணத்தையும் நான் கேட்கவில்லை. ஓட்டுநர் நிதானமாக ஓட்டினார், மதியச் சாப்பாட்டில் வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது. கட்டியதில் பாதி 1,850 ரூபாய், படகுக்கு வாங்கிய 300 ரூபாய், ஆக 2,150 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கோயில், அஸ்தமனம், திரும்பும் நேரம் மூன்றையும் விளம்பரத்தில் திருத்துங்கள். அடுத்த சனிக்கிழமைக்கும் அதே படத்தைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள், இன்று காலை எனக்கே வந்தது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம், டிராஃபிக்கைப் பற்றி ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
17-ஆம் இருக்கைப் பயணி

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, அட்டவணை, விளம்பரப் படம், படகுக்குப் பணம் அனுப்பிய விவரம்.