மழையிலும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், கொட்டும் மழையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பைக் ரேஸ் விட்டதைக் கண்டித்து எழுதியிருந்தார். 'பெற்ற பிள்ளைகளை இப்படி வழுக்குப் பாறையில் ஓடவிடலாமா' என்று கேட்டிருந்தார். பெரியவர் அக்கறையில்தான் கேட்கிறார். என் மனைவியும் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த ஈரத் தரையில் ஓட்டியும் விழுந்தும் பார்த்தவன் நான். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பந்தயத்தன்று மழை வந்தால் ஓடச் சொல்கிறார்கள். பயிற்சி நாளில் மழை வந்தால் மூட்டை கட்டச் சொல்கிறார்கள். இது தலைகீழாக இருக்கிறது.

நான் பாடியில் சின்னதாக ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வயது 43. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில், எங்கள் அப்பா வில்லிவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். புல்லட், ஜாவா, எஸ்டி ஒவ்வொன்றும் எப்படிச் சத்தம் போடும் என்று வாயாலேயே செய்து காட்டுவார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தபோது எனக்கு எட்டு வயது. அதில் ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டும் என்ற ஆசை, கடைக் கடன் அடைந்த பிறகு, நாற்பதை நெருங்கும்போதுதான் நிறைவேறியது. செகண்ட் ஹேண்ட் 150 சி.சி. வண்டி ஒன்று, வேறொருவர் போட்டுக் கழித்த லெதர் சூட், டாக்டர் சர்டிபிகேட், இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் உரிமம். இவ்வளவுதான் முதலீடு. புதியவர்களுக்கான நாவிஸ் பிரிவில் என் பக்கத்தில் நிற்கிற பையன்களில் பாதிப் பேருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. நான்கு சீசன் ஓட்டியிருக்கிறேன். முதல் மூவர் நிற்கும் வெற்றி மேடை ஏறியதில்லை.

பந்தய வண்டியை எப்படித் தயார் செய்கிறோம் என்பதைப் பெரியவர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவோம். அதிர்வில் போல்ட் கழன்று ஒரு சொட்டு ஆயில்கூடத் தரையில் விழக் கூடாது. ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்ற மாட்டோம், வெறும் தண்ணீர்தான். கூலன்ட் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான் என்பதற்காக. இதெல்லாம் காய்ந்த தரைக்கே. மழை வந்துவிட்டால் தரையே கூலன்ட் கொட்டின மாதிரிதான்.

என் முதல் மழைப் பந்தயம் ஒரு செப்டம்பர் மாத சனிக்கிழமை. மதியம் வரை வெயில் பிளந்தது. மூன்று மணி வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கறுத்து, புழுதி வாசனை வந்து, பத்தே நிமிடத்தில், வண்டிகளைத் தயார் செய்கிற பிட் லேனில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடியது. மழை கொஞ்சம் விட்டதும் 'வெட் ரேஸ்' என்று போர்டு காட்டினார்கள். அதற்குப் பிறகு மழை வந்தாலும் போனாலும் பந்தயம் நடக்கும் என்று அர்த்தம். ஆறு சுற்று. கடைப் பையன் ஹெல்மெட் கண்ணாடியின் உட்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் பூசித் துடைத்துக் கொடுத்தான். மூச்சுக் காற்றில் பனி மூடாமல் இருக்க அதுதான் எங்கள் ஏழை வைத்தியம். "அண்ணே, முதல் வளைவுல மட்டும் பார்த்துப் போங்க" என்றான். அவனும் அந்தத் தரையில் மழையில் போனவன் இல்லை. நானும் இல்லை. அன்று கிரிட்டில், அதாவது தொடக்க வரிசையில், நின்ற முக்கால்வாசிப் பேர் இல்லை.

டிவியில் பார்க்கிற மோட்டோ ஜி.பி., அதாவது உலக பைக் சாம்பியன்ஷிப், வேறு உலகம். அங்கே மழைக்கென்று தனி டயர் இருக்கிறது. மிருதுவான ரப்பர், ஆழமான பள்ளங்கள். பாதியில் மழை வந்தால் பிட்டுக்குள் போய், மழை டயர் மாட்டிய இன்னொரு வண்டியில் ஏறி வரலாம் என்று 2005-லேயே விதி கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலேண்டில் முதல் தடவையாக அப்படி வண்டி மாற்றினார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே வண்டி, அதில் சாலையில் ஓடுகிற மாதிரியான டயர்.

அன்று நான் இரண்டாவது சுற்றில் விழுந்தேன். வளைவு முடிகிற இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த ஓரத்தை முன் சக்கரம் தொட்டது. தொட்டது தெரிந்ததே தவிர, விழுந்தது தெரியவில்லை. ஈரத்தில் விழுவது ஒரு விதத்தில் மென்மையானது. காய்ந்த தரை மாதிரி பிடித்து இழுத்துத் தூக்கி எறியாது, சறுக்கிக்கொண்டே போகும். ஆனால் நிற்காது. புல்லில் போய் முட்டி நின்றபோது வண்டி எனக்கு முன்னால் ரொம்ப தூரம் போயிருந்தது. எழுந்திருக்கும் முன்பே, டிராக் ஓரம் கொடியோடு காவல் நிற்கிற மார்ஷல் ஒருவர் ஓடி வந்துவிட்டார். கல்லூரி மாணவர், மழைக்கோட்டுக்குள் முழுக்க நனைந்திருந்தார். "அண்ணா, எழுந்துக்காதீங்க. முதல்ல விரலை அசைங்க" என்றார். அசைத்தேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர், ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி ஒன்று உண்டு. தரை வழுக்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு சுற்றும் அதைப் பிடித்துக்கொண்டு கொட்டும் மழையில் நிற்கிற இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. நீங்களாவது எழுதுங்கள்.

சுண்டுவிரல் நகம் போனது, கிளட்ச் லீவர் உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியாமல் போனதே என்ற எரிச்சல். அப்புறம் மூத்த ரேஸர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

காய்ந்த நாளில் எல்லா வண்டியும் ஒரே தடத்தில் ஓடும். அந்தத் தடத்தில் டயர் ரப்பர் படிந்து படிந்து வழவழவென்று ஆகிவிடும். காய்ந்திருக்கும்போது அங்கேதான் பிடிப்பு அதிகம். நனைந்துவிட்டால் அதே இடம்தான் அதிகம் வழுக்கும். அதனால் மழையில் வழக்கமான தடத்தை விட்டு விலகி, கரடுமுரடான தார் தெரிகிற பக்கமாகப் போக வேண்டும். நேரே ஓடும்போதே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். அதுவும் திடீரென்று அழுத்தாமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. வளைவில் வண்டியைச் சாய்ப்பதற்குப் பதில் உடம்பை உள்பக்கம் கொண்டுபோக வேண்டும். ஒரு கியர் கூட்டி ஓட்டினால், ஆக்சிலேட்டர் திருகும்போது பின் சக்கரம் விருட்டென்று சுழலாது. பெயின்ட் அடித்த எதையும் தொடவே கூடாது. இன்னொன்று, டயரில் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிக்கும் என்று நம் மெக்கானிக்குகளே பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். சாலை டயரில் காற்றை ஒரேயடியாக இறக்கினால் பள்ளங்கள் நசுங்கி மூடிக்கொள்ளும், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சக்கரம் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும்.

இதில் எதுவும் வேகம் சம்பந்தப்பட்டது இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே நிதானம் சம்பந்தப்பட்டவை. காய்ந்த தரையில் எனக்கு ஒரு சுற்று, 3.7 கிலோமீட்டர், 2 நிமிடம் 20 விநாடி ஆகும். மழையில் கிட்டத்தட்ட 3 நிமிடம். அந்த 40 விநாடியில்தான் நான் வண்டி ஓட்டக் கற்றேன் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கடைக்கு வாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, கடை வாசலில் ஏழெட்டு வண்டி நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி அடி: ஹேண்டில் கோணல், ஒரு பக்க ஃபுட்ரெஸ்ட் வளைவு, சைலன்சரில் கீறல். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பேன். சிக்னல் அருகே ஜீப்ரா கிராசிங் வெள்ளைக் கோட்டில் பிரேக் பிடித்தேன் என்பார் ஒருவர். மேம்பாலத்தில் இரும்புப் பட்டை போட்டிருக்கிற இணைப்பில் என்பார் இன்னொருவர். மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் போட்ட இரும்புத் தகட்டில், பாதாளச் சாக்கடை மூடியில். மாதக்கணக்கில் படிந்த ஆயிலும் தூசியும் முதல் மழையில் மிதந்து மேலே வரும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அரைமணி நேரம் கொட்டிக் கழுவிவிட்ட சாலையைவிட, தூறல் போட்ட முதல் பத்து நிமிடச் சாலைதான் மோசம். சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன் ஒருவன் போன வருஷம் ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை அவன் மணிக்கட்டில் கட்டு இருந்தது. பின் டயரைத் தடவிப் பார்த்தேன், உள்ளங்கை மாதிரி மழமழவென்று இருந்தது. வேறு டயர் போட்டு, காசைத் தவணையில் கொடு என்றேன்.

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து, பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதே, இனி என்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான், பல உயிர்களைக் காக்கும். ஆனால் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. வண்டி சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுதாகக் கைகொடுக்காது. கைக்கும் காலுக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை, லாரியும் பஸ்ஸும் எதிரே வராத, கம்பமும் சுவரும் பக்கத்தில் இல்லாத, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிற ஓரிடத்தில்தான் பாதுகாப்பாகக் கற்க முடியும்.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு வருஷத்துக்கு முன் நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி முகாமில், இரண்டாம் நாள் காலை லேசாகத் தூற ஆரம்பித்தது. இடி மின்னல் இல்லை, தண்ணீர் தேங்கவும் இல்லை. முகாமை ரத்து செய்துவிட்டு, டீயும் சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மெதுவாக நான்கு சுற்றாவது விடுங்கள் என்று கெஞ்சினோம். "விழுந்தால் யார் பதில் சொல்வது" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று வந்திருந்த பையன்களில் இரண்டு பேர் அடுத்த மாதமே வெட் ரேஸில் முதல்முறையாக ஈரத்தைப் பார்த்தார்கள். அதற்கு யார் பதில் சொல்வது?

உயிரின் விலை தெரியாமல் எழுதவில்லை. 2023-ல் இதே டிராக்கில் ஒரு சிறுவனை இழந்தோம். அந்த வாரம் முழுக்க நான் வண்டியைத் தொடவில்லை. மின்னல் அடித்தாலோ, தரையில் தண்ணீர் குட்டையாக நின்றாலோ, ஆம்புலன்ஸ் இல்லாவிட்டாலோ, ஒரு மார்ஷலுக்கு அடுத்த மார்ஷலின் கொடி கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ எவனும் ஓடக் கூடாது. சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் உள்ளே அழைத்துவிட வேண்டும். 2016-ல் நெதர்லாந்தின் அசென் களத்தில் உலக சாம்பியன்ஷிப் ரேஸையே மழை வலுத்ததும் பாதியில் நிறுத்தி, பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். அன்று ஜெயித்த ஜாக் மில்லருக்கு அதுதான் மோட்டோ ஜி.பி.யில் முதல் வெற்றி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் பயிற்சி நடத்துகிறவர்கள், ஒவ்வொரு சீசனிலும் ஒரு நாளையாவது ஈரப் பயிற்சி என்றே அறிவிக்க வேண்டும். மழை வராவிட்டால் ஒரு வளைவில் மட்டும் தண்ணீர் லாரியை விட்டு நனைத்தால் போதும். முந்திச் செல்லத் தடை, வேகத்துக்கு உச்சவரம்பு, நேரம் குறிக்கக் கூடாது. நாவிஸ் பிரிவில் பதிவு செய்கிறவர்கள் அதில் ஓட்டிவிட்டுத்தான் வெட் ரேஸில் நிற்கலாம் என்று விதி வையுங்கள். கட்டணம் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். மதியத்துக்கு மேல், உரிமம் இல்லாத சாதாரண ஓட்டுநர்களுக்கு, முக்கியமாக டெலிவரி வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு, நனைந்த தரையில் பிரேக் பிடிக்கும் பயிற்சி மட்டும் கொடுங்கள். போக்குவரத்துத் துறையும் போலீசும் இதற்குக் கை கொடுக்கலாம்.

அப்படி ஒரு நாள் அறிவித்தால், வருகிறவர்களின் வண்டிகளுக்கு டயர், பிரேக், செயின் பார்த்துக் கொடுக்கிற வேலையை நானும் என் கடைப் பையன்கள் இருவரும் காசில்லாமல் செய்கிறோம். காற்றடிக்கிற கம்ப்ரஸரை நானே ஏற்றி வருகிறேன். கடிதம் எழுதிய பெரியவரும் வர வேண்டும் என்பது என் ஆசை. மார்ஷல் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் குடையும் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக்,
பாடி, சென்னை.