அடிக்குறிப்பு விஷயம்

ராலே, வட கரோலினா

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. திட்டுவதைக் கடைசிவரை பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கொழுப்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, சிரிக்காதே.

போன மாதம் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று போய், ஒரு அட்டைப்பெட்டி டிவிடியோடு திரும்பினேன். நாற்பது டாலர். கல்பனா இன்னும் பேசவில்லை. உள்ளே 'உருசெய் யாட்சுரா' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்: ரூமிகோ தகாஹாஷியின் கதை, 1981 முதல் 86 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 195 பகுதிகளாக ஓடியது. கொம்பு வைத்த பூதப்பெண் லம், புலித்தோல் கட்டிக்கொண்டு வானத்திலிருந்து வந்து, சபலம் பிடித்த பள்ளிக்கூடப் பையனைப் புருஷன் என்று பிடித்துக்கொள்கிறாள். நம் பாண்டிக்கு நடந்திருக்க வேண்டியது.

என்னை உட்கார வைத்தது கதை இல்லை, சப்டைட்டில். போட்டது அனிமெய்கோ என்ற சின்னக் கம்பெனி. 'விசார்ட்ரி' கணினி விளையாட்டை எழுதிய இருவரில் ஒருவரான ராபர்ட் வுட்ஹெட், 1988-ல் ஒரு கூட்டாளியோடு தொடங்கியது. இருந்ததோ வில்மிங்டனில், இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது பார்! இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஆளுக்கொரு நிறத்தில் எழுத்து. சிலேடை, பண்டிகை, பழமொழி என்று எது வந்தாலும் விளக்கக் குறிப்பு தனியாக உண்டு. இப்படியே 50 டிவிடி! என் பெட்டியில் 31.

லம்முக்கு ஏன் கொம்பு, ஏன் புலித்தோல் என்று நானும் துருவிப் பார்த்தேன். ஜப்பானில் பூதம் வடகிழக்கிலிருந்து வருமாம். பழைய திசைக்கணக்கில் அது எருதுக்கும் புலிக்கும் நடுவிலுள்ள மூலை. அதனால் எருதின் கொம்பு, புலியின் தோல். நமக்கு ஈசானி மூலை, அவர்களுக்குப் பூதம் நுழைகிற வழி! இது தெரியாமல் பார்த்தால் பாதி வேடிக்கை போச்சு.

இந்தக் கம்பெனிகளுக்கு உரிமம் சில வருஷத்துக்குத்தான் கிடைக்கும். முடிந்துவிட்டால் ஒரு தட்டுகூட அடிக்க முடியாது. பழைய தட்டுக்கு விலை ஏறும். இந்தத் தொடருக்கும் அதுதான் நடந்தது. அப்புறம் டிஸ்கோடெக் என்ற இன்னொரு சின்னக் கம்பெனி புளூ-ரேயில் கொண்டுவந்தது. 2013-ல் 'பபிள்கம் கிரைசிஸ்' என்ற இன்னொரு ஜப்பானியக் கார்ட்டூனின் புளூ-ரேக்காக அனிமெய்கோ ரசிகர்களிடம் 75,000 டாலர் கேட்க, இரண்டு மடங்குக்கு மேல் வந்து விழுந்ததாம். 2024-ல் வுட்ஹெட் ஓய்வு பெற்று, அதே தொழிலில் இருக்கும் ஜஸ்டின் செவாகிஸிடம் கம்பெனியைக் கொடுத்துவிட்டார்.

சரி, இனி திட்டு. உன் மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்புகளைப் பதிப்பாளர் வெட்டிவிட்டார் என்று புலம்பி எழுதியிருந்தாய். நான் போனில், "அவர் சொல்வது சரிதானே, கதை படிக்கிறவன் குறிப்பைப் படிப்பானா?" என்றேன். நீ பேசாமல் வைத்துவிட்டாய். பதில் எழுதக் கூச்சப்பட்டது அதனால்தான். விடுதி டிவியில் ஜாக்கி சான் படத்தை நீ "மாமா, நூடுல்ஸ் ஆறுது" என்று தமிழில் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தவன், இப்போது ஒரு சிலேடையைப் புரிந்துகொள்ள படத்தை நிறுத்தி நிறுத்திக் குறிப்புப் படிக்கிறேன்.

வெட்டின குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? மொத்தத்தையும் அனுப்பு. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

மாமா, நூடுல்ஸ் ஆறுது.

உன்
சேகர்