பொம்பாவா, ஆம்புலன்ஸா?

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஷா ஆலம் கிடங்கு வேலை போதும், உயிரைக் காப்பாற்றுகிற வேலைக்குப் போக வேண்டும், பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, மனு போடுவதா ஆம்புலன்ஸ் பக்கம் போவதா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் அப்பா நடுவில் வந்து, "நெருப்போடு என்ன விளையாட்டு" என்று பேச்சையே முடித்துவிடுவார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இந்த வேலைக்குப் போவதில் எனக்கு முழுச் சம்மதம். எந்த வழியாகப் போகிறாய் என்பதில் மட்டும் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேள்.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த வருஷங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் எங்களுக்கு டாக்டர். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் அவர். காய்ச்சல், பிரசவம், தேள்கடி, மருந்து அடிக்கிற பெண்களுக்கு வருகிற கண்ணெரிச்சல் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். சிரிஞ்சு கொதிக்க வைப்பது, காயம் கழுவுவது, அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வது இதெல்லாம் என் வேலை.

ஒரு நாள் செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நீளக் கழியில் கட்டிய அரிவாள் நழுவி, முழங்கைக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் காப்பித் தூள் போடு, சுண்ணாம்பு வை என்று ஆளுக்கொன்று சொல்லிக் கத்தினார்கள். டிரெசர் யாரையும் திட்டவில்லை. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். அப்படியே வேனில் ஏறினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. துணி நனைந்ததும் நான் அதை மாற்றப் போனேன். எடுக்காதே, அதன் மேலேயே இன்னொன்றை வை என்றார். அடியில் உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பிய்ந்து வந்தால் மறுபடி கொட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அண்ணன் இன்றும் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீயும் பார்த்திருக்கிறாய்.

இன்னொரு நாள் டிரெசர் லீவில் இருந்தார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவருக்கு நெஞ்சில் வலி. வாயுதான் என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு நெடுநேரம் படுத்திருக்கிறார். வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். அதே வேனில் ஏற்றினோம், நானும் ஏறினேன். வழியிலேயே அவர் தலை சாய்ந்துவிட்டது. மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார், அவருடைய தம்பி முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார், ஓட்டுநர் இன்னும் வேகமாக ஓட்டுகிறார். நெஞ்சை அழுத்திவிட வேண்டும் என்று அந்த வண்டியில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. இதயம் நின்றுவிட்டால் நாலைந்து நிமிஷத்திலேயே மூளை கெட ஆரம்பித்துவிடும். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டவே அதைவிட நேரம் ஆகும்.

வேனும் அதுதான், சாலையும் அதுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் ஒருவர் பிழைத்தார், ஒருவர் போனார். நீ அந்தப் பின்பக்கத்து ஆளாக வேண்டும், முழுசாகத் தெரிந்த ஆளாக. எந்தச் சீருடை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் பிடிவாதம் இவ்வளவுதான்.

அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு வீரரே பாராமெடிக்காகவும் இருக்கிறார், தீயணைப்பு நிலையத்திலிருந்தே ஆம்புலன்ஸும் புறப்படுகிறது என்று வீடியோ அனுப்பியிருந்தாய். பார்த்தேன், நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பல ஊர்களில் வேலைக்கு எடுக்கும்போதே ஈஎம்டி என்கிற அடிப்படை அவசர மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்கே 150 மணி நேரம்போலப் படிக்க வேண்டும், பாராமெடிக் ஆவதற்கு 1,000 மணி நேரத்துக்கும் மேல். நெருப்பை அணைக்கத் தெரியும் என்பதற்காக யாரையும் நோயாளி பக்கத்தில் உட்கார வைப்பதில்லை. வீடியோவில் நீ பார்த்த அந்த ஆளுக்குப் பின்னால் அத்தனை படிப்பு இருக்கிறது, தம்பி.

நம் நாட்டு ஏற்பாடு வேறு. முன்பெல்லாம் பொம்பாவுக்கு 994 அடிப்போம். 2007இல் எல்லாவற்றையும் 999க்குள் கொண்டுவந்தார்கள். இப்போது 999 அடித்து ஆளுக்கு மூச்சுவிட முடியவில்லை என்றால், பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்தான் வரும். செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான், பொதுத் தற்காப்புப் படை வண்டிகளும் உதவிக்கு வரும். பொம்பா தனி இலாகா. அவர்களிடமும் ஈஎம்ஆர்எஸ் என்று மருத்துவ மீட்புப் பிரிவு ஒன்று இருக்கிறது, நீ கேட்கிற இரண்டும் சேர்ந்த வேலைக்கு நம் நாட்டில் கிட்ட வருவது அதுதான். ஆனால் அங்கே நீ முதலில் தீயணைப்பு வீரர், மருத்துவம் அதற்கு அப்புறம்தான்.

இனி அந்தத் தனியார் நிலையத்துக் குறுகிய கோர்ஸ். சில வாரத்தில் சான்றிதழ், உடனே ஆம்புலன்ஸ் வேலை என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்றாய். முதலுதவி கற்றுக்கொள்வது நல்லதுதான், எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும். நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுப்பது, இதையெல்லாம் நீ எந்த வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் இந்த மாதமே கற்றுக்கொள். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து வாழ்நாள் தொழில் நடத்த முடியுமா? பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேள். இந்தச் சான்றிதழை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? இதை வைத்து நான் ஊசி போடலாமா, மருந்து கொடுக்கலாமா? ஐந்து வருஷம் கழித்து இதிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போவது? நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடு. உன் ஓவர்டைம் காசை அங்கே போடாதே.

எனக்குப் பிடித்த வழி எதுவென்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மருத்துவ உதவி அதிகாரிக்கான டிப்ளோமா. நம் ஜனங்கள் எம்ஏ, மெடிக்கல் அசிஸ்டென்ட் என்று சொல்வார்களே, அந்த வேலை. மூன்று வருஷப் படிப்பு, முடித்ததும் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு. எங்கள் டிரெசரின் படிப்புக்கு இன்றைய வாரிசு இதுதான். அரசாங்க ஆம்புலன்ஸில் ஓட்டுநர் பக்கத்திலிருந்து குதித்து இறங்கி நோயாளியைத் தொடுகிறவர் பெரும்பாலும் இந்த எம்ஏதான். அவசரப் பிரிவில் முதலில் உன்னைப் பார்த்து, யார் உள்ளே உடனே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரிக்கிறவரும் அவரே. அதற்கு மேல் அவசரச் சிகிச்சையில் போஸ்ட் பேசிக் என்கிற மேற்பயிற்சியும் படிக்கலாம். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது, கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளில்கூட வேலை இருக்கிறது. முதுகு வலித்து வண்டியில் ஏற முடியாத வயது வந்தாலும் கிளினிக்கில் உட்கார்ந்து பிழைக்கலாம். தூக்கித் தூக்கியே தேய்ந்துபோன முதுகுகளைத் தோட்டத்தில் பார்த்தவள் நான், அதனால் இதையும் சொல்கிறேன்.

இந்தப் படிப்புக்குப் பேர்போன இடம் உலு கிந்தா கல்லூரி, நம் வீட்டிலிருந்து பக்கம்தான். பள்ளித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய், கணக்கு, அறிவியல் மூன்றிலும் உனக்கு கிரெடிட் இருக்கிறது. வரலாற்றில் பாஸ் ஆகியிருக்கிறாய். படித்து முடித்ததும் வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்பதை மட்டும் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அது வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது.

பொம்பாவை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதே. 2025 ஏப்ரல் 1 அன்று பூத்ரா ஹைட்ஸில் கேஸ் குழாய் வெடித்து எரிந்தபோது டிவி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் ஓடிவருகிற திசையில் இவர்கள் எதிரே போகிறார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ என்று கும்பிட்டேன். 2018 அக்டோபர் 3, பூச்சோங் ஈயக் குட்டையையும் நான் மறக்கவில்லை. தண்ணீரில் விழுந்த ஒரு பையனைத் தேடி இறங்கிய ஆறு வீரர்கள், அத்தனை பேரும் நீரோட்டத்தில் சிக்கி இறந்துபோனார்கள். அப்பா பயப்படுவது இதற்குத்தான், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் பயத்தை வைத்துப் பிள்ளையின் வழியை மறிக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கோல குபு பாருவில் இருக்கிற பொம்பா பயிற்சிக் கழகத்தில் பயிற்சி எப்படி இருக்கும் என்று விசாரித்துப் பார். உடுப்பு, காற்றுச் சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் உடம்பில் ஏறும், அதோடு படி ஏற வேண்டும். தினமும் தீ என்றும் நினைக்காதே. கூரையில் குளவிக் கூடு, அடுப்படியில் பாம்பு, விரலில் சிக்கிய மோதிரம், நசுங்கிய காரிலிருந்து ஆளை வெட்டி எடுப்பது, எல்லாவற்றுக்கும் கூப்பிடுவது இவர்களைத்தான். உனக்கு உடம்பு வேலை பிடிக்கும், கூட்டாகச் செய்கிற வேலை பிடிக்கும். அதனால் உன் மனம் அங்கே போவது எனக்குப் புரிகிறது. கடைசியில் நீ பொம்பாதான் என்று முடிவு செய்தாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். சேர்ந்த நாளிலிருந்தே ஈஎம்ஆர்எஸ் பிரிவுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இரு. வயது வரம்பை மட்டும் அறிவிப்பில் இப்போதே பார்த்து வை. டிப்ளோமா முடித்த பிறகும் அந்தக் கதவு திறந்திருக்குமா என்பது அதில்தான் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் நம் தோட்டங்களிலிருந்து போன பாட்டிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், யோசித்துப் பார். மலாயில் என்ன வலி என்று சொல்லத் தெரியாது. வாய் கோணி, ஒரு பக்கக் கை தொங்கினாலும் காற்று அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போது ஆரம்பித்தது என்று அந்த வீட்டில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவன் போனால் அந்தப் பாட்டி எழுந்து நடக்கலாம். நீ பேச்சில் தயங்குகிறவன் இல்லை, பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுவாய். இந்த வேலைக்கு அது பெரிய குணம்.

மனசையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பு கடித்த ஒரு சின்னப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன நாளில் எங்கள் டிரெசர் வீட்டுக்குப் போகாமல் மருந்தறையிலேயே உட்கார்ந்திருந்தார். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, எங்கேயோ மந்திரித்து, அதன் பிறகுதான் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டாமல் அசைக்காமல் நேராகக் கொண்டுவந்திருந்தால் ஊசிக்கு நேரம் இருந்திருக்கும். அவர் மனைவி வந்து கூட்டிக்கொண்டு போனார். மறுநாளே லயம் லயமாகப் போய், பாம்பு கடித்தால் கட்டாதே, கீறாதே என்று சொல்ல ஆரம்பித்தார். உனக்கும் அப்படி நாள் வரும். அன்றைக்கு வாடகை அறையில் தனியாகக் கிடக்காதே, எந்நேரமானாலும் எனக்குப் போன் அடி.

இப்போது செய்ய வேண்டியது. உனக்குக் கிட்டே இருக்கிற செயின்ட் ஜான் அல்லது செம்பிறை ஆட்களோடு சனி ஞாயிறில் தொண்டூழியராகச் சேர்ந்து பார். கூட்டத்தில் மயங்கி விழுகிறவர், வாந்தி எடுக்கிறவர், மோட்டாரிலிருந்து விழுந்து தோல் உரிந்தவர், எல்லாரையும் பக்கத்தில் இருந்து பார். நம் நாட்டுச் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள்தான், அதனால் நீ நிறையப் பார்க்கப் போவது அதைத்தான். மனம் தாங்குகிறதா என்று சில மாதத்தில் உனக்கே தெரிந்துவிடும். அப்புறம் கண் பரிசோதனைக்குப் போ. பார்வையோடு நிறம் பிரித்துப் பார்க்கிற சோதனையும் எடு, அதில் கழித்துவிடுகிறார்கள்.

உன் எஸ்பிஎம் சான்றிதழும் பிறப்புப் பத்திரமும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்புகிறேன். காசு விஷயத்தில் தயங்காதே, பிள்ளைகள் படிப்புக்கு இபிஎப் சேமநிதியில் எடுக்க வழி இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது ஒரு வேலை நாளும் சேர்த்து லீவு எடு, உலு கிந்தாவுக்கு நேரில் போய் விசாரிப்போம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவோம், அங்கே படிக்கிற பிள்ளைகளை அவரும் பார்க்கட்டும். எந்த வாரம் வருகிறாய் என்று முன்னாலேயே சொல்.

அன்புடன்,
அம்மா